நிழலில் பச்சைத்தண்ணி

சுவிட்ச் வாங்க வருகிறவர்கள் என் கடையில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். போட்டால் பல்பு எரிகிறதா? எரிந்தால் சரி, காசைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கம்பம் ஊரில் இத்தனை வருடமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன், டீச்சர் ஒருவர்தான் அணைத்துப் பார்த்து வாங்கியவர். போடுவார், அணைப்பார், மறுபடி போடுவார், மறுபடி அணைப்பார். காதைப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தச் சத்தத்தைக் கேட்பார். அதையும் கடையில் கூட்டம் நெரியும் நேரம் பார்த்துத்தான் செய்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“டீச்சர், சுவிட்ச் வாங்க வந்தீகளா, வீண வாசிக்க வந்தீகளா?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“போடுறதுக்கு எந்தச் சுவிட்சும் போடும்ணே. அணைக்குதான்னு பாக்கணும். அதுக்குத்தான காசு குடுக்குறோம்.”

முகத்தில் சிரிப்பில்லை. கேலிக்குப் பதில் கேலி செய்யத் தெரியாத மனுஷி. சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, அப்படியே பதில் சொல்வார்.

காலேஜில் கெமிஸ்ட்ரி எடுத்தார். அங்கே மேடம் என்பார்களாம். எங்கள் தெருவுக்கு டீச்சர்தான். சொந்த ஊர் ராயப்பன்பட்டி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு வாடகை வீடு, அதில் அவரும் அவருடைய அப்பாவும். பின்கட்டு அறையின் ஜன்னலை அட்டை வைத்து அடைத்து, உள்ளே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டித் தரச் சொன்னார். மாட்டிக் கொடுத்தேன். பகல் வெளிச்சம் பட்டால் அவர் உள்ளே செய்கிற சரக்கு கெட்டுப்போகுமாம்.

தனியாக இருக்கும் பெண், அறையில் சிவப்பு பல்பு. ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒருத்தன் பல்லை இளித்துக்கொண்டு என்னிடமே கேட்டான். கையில் இருந்த டெஸ்டரைக் காட்டி, “ஏலே, இன்னொரு தடவ அந்தப் பேச்சு வந்துச்சு, வாய்க்குள்ள இத விட்டுக் கரண்டு இருக்கான்னு பாத்துருவேன்” என்றேன். அவன் அதோடு அடங்கினான். ஊர் அடங்கவில்லை. டீச்சருக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த அறைக் கதவுக்கு ஒரு திரைகூடப் போடவில்லை.

அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடித்தே பிழைத்தவர். எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சை என்றால் பந்தல். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியை மேலே படர விட்டிருப்பார்கள். உள்ளே போனால் நடுமத்தியானத்திலும் குளுகுளுவென்று நிழலாக இருக்கும். மருந்து அடிக்கிற ஆள் அந்த நிழலில் நின்று, அண்ணாந்து பார்த்து, மேல்நோக்கி அடிக்க வேண்டும். அடித்ததில் பாதி இலைக்குப் போகும், பாதி அவன் தலையிலேயே சொட்டும். அவர் தலையில் எத்தனை வருடம் சொட்டியதோ, கை இரண்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும். டீ டம்ளரைப் பிடித்தால் வாய்க்குப் போவதற்குள் சட்டை குடித்துவிடும். மகள்தான் ஊட்டுவார்.

ஒருநாள் சுடுகஞ்சியைத் தொடையில் கவிழ்த்துக்கொண்டார். களிம்பு வாங்கப் போன டீச்சர், வழியில் என் கடைக்குள் நுழைந்து, ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், அதற்குள் “போதும்” என்றார். யாருக்குச் சொன்னாரோ. குழாயைத் திருகியது போல அழுகை நின்றுவிட்டது. மூக்குக்கூட உறிஞ்சவில்லை.

“அழுகையெல்லாம் அப்பிடி நிறுத்தக் கூடாது டீச்சர்” என்றேன். நிஜமாகவே பயந்திருந்தேன்.

“ஏண்ணே? ஆரம்பிச்சத நிறுத்த முடியாட்டி அதுக்குப் பேருதான் சீக்கு. அப்பா கையப் பாத்தீகள்ல? அதுக்கு எங்கன சுவிட்ச் இருக்கு?”

அன்றைக்குத்தான் இந்த மனுஷி எதற்காக அட்டை அடைத்த அறைக்குள் கிடக்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

அவர் செய்த சரக்கை எனக்குக் காட்டியதும் என் கடையில்தான். கல்லாப்பெட்டியில் கள்ளநோட்டு பார்க்கிற நீல லைட் ஒன்று வைத்திருந்தேன். “அத ஒரு நிமிசம் குடுங்கண்ணே” என்று வாங்கினார். பையிலிருந்து கருப்புத்தாள் சுற்றிய சின்ன பாட்டிலை எடுத்தார். உள்ளே தண்ணீர் அதிகம் விட்ட பால் மாதிரி ஒன்று. அதன்மேல் நீல லைட்டைப் பிடித்தார். சாம்பிராணி போட்டு எடுக்கிற நேரம் ஆகியிருக்கும், பால் மெல்ல ரோஸ் நிறத்துக்கு ஏறியது. லைட்டை அணைத்து, பாட்டிலை என் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் வைத்தார். நிறம் ஏறுவது அங்கேயே நின்றது. மறுபடி நீலம், மறுபடி ஏற்றம். மறுபடி மஞ்சள், நின்றது. நான் வாயைப் பிளந்து நின்றேன். கடைக்கு வந்த ஆள், “என்ன பாய், வித்தை காட்டுறீகளா?” என்றார். நான் பாயும் இல்லை, அது வித்தையும் இல்லை.

“இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் கூடு மிதக்குது. கூட்டுக்குள்ள ஒரு சரக்கு, வெளிய ஒரு சரக்கு. ரெண்டும் சேந்தாதான் செவக்கும். திராட்சைக்குத் தொலி இருக்குல்ல, அந்த மாதிரி கூட்டுக்கும் ஒரு தொலி. நீல வெளிச்சம் பட்டா தொலி தொறந்துக்கும். மஞ்ச வெளிச்சத்துலயோ இருட்டுலயோ வச்சா மூடிக்கும்.”

“வெயில்ல?”

“வெயில்ல தொறக்கும். வெயில்ல தொறக்கணும்னுதான இத்தன பாடு.”

பிறகுதான் விளக்கினார். சிவக்கிற சரக்குக்குப் பதில் பூச்சிமருந்தைக் கூட்டுக்குள் அடைத்துவிட்டால்? நிழலில் நிற்கிறவன் தலையில் சொட்டினாலும் கூடு மூடியே இருக்கும். பந்தலின் மேல்பக்கம் வெயில் படும் இலையில் மட்டும் திறக்கும். பூச்சி சாகும், ஆள் பிழைப்பான். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. அவருக்குச் சந்தோஷம் என்று ஒன்று இருந்ததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

“நிழல்ல இருக்கற வரைக்கும் அது பச்சத்தண்ணிண்ணே” என்றார்.

அடுத்து வந்த வருடங்களில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டேனோ. கூடு செய்வார், பொத்துக்கொள்ளும். வேறு செய்வார், திறக்காது. மதுரைக்கு பஸ் ஏறிப் போய் எதையோ அளந்துவிட்டு வருவார். மாடியில் இரண்டு தொட்டியில் திராட்சைக் கொடி வைத்து, மாவுப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டு, சாகிறதா என்று பார்ப்பார். அந்த மருந்தைத் தன் முழங்கையிலேயே தடவிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் ஆகாது. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே வருவார். கழுவாமல் அறையை விட்டு வருவது கெமிஸ்ட்ரிக்காரர்களுக்குப் பழக்கமில்லை அல்லவா.

இந்த இடத்தை நான் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கழுவிவிட்டுத்தான் வெளியே வந்தார். கழுவியதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தோட்டம் அவருடைய தாய்மாமனுடையது, சுருளிப்பட்டிப் பக்கம். அப்பா மருந்து அடித்ததும் அதே தோட்டத்தில்தான். பெரிய இடங்களுக்கெல்லாம் அனுமதி கேட்டு எழுதியிருப்பதாகவும், பதில் வந்த பிறகு அடித்துப் பார்க்கலாம் என்றும் டீச்சர் சொன்னார். “அதுவரைக்கும் மாவுப்பூச்சி காத்துக்கிட்டு இருக்குமா? ஒரு மூலையில அடிச்சுப் பாரு, என் தோட்டம்தான?” என்றார் மாமன். டீச்சருக்கும் உள்ளுக்குள் அவசரம் இருந்தது. அப்பாவின் நடுக்கம் தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

மருந்து அடிக்க வந்தவன் வீரணன். என் கடையில் அடிக்கடி டார்ச் பேட்டரி வாங்குகிறவன்தான். நல்ல உடம்பு, ஓயாத வாய். டீச்சரைத் தாயி என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் மாட்ட நானும் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மின்வெட்டு ஊரைப் போட்டு உலுக்கிய கோடை அது. நான் போய் இறங்கியதும் கரண்டு போய்விட்டது. மாட்டிய ஸ்டார்ட்டரைச் சோதிக்கக் கரண்டு வரட்டும் என்று பந்தலுக்குள் மருந்து எட்டாத பக்கமாகத் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

“நெசமாவே ஒண்ணும் செய்யாதா தாயி? தலையில துண்டு கட்டிக்கிறவா?” என்றான் வீரணன்.

டீச்சர் டிரம்முக்குள் விரலை விட்டுத் தன் கையில் தேய்த்துக் காட்டினார். “நிழல்ல இருக்கற வரைக்கும் பச்சத்தண்ணி வீரண்ணே. மூக்குல ஏறுதா பாருங்க. வாடையே இருக்காது.”

அவன் மோந்து பார்த்தான். “அட, ஆமா! இத்தன வருசமா அந்த நாத்தத்துல செத்தேனே” என்று கும்பிட்டான். பெட்ரோல் இஞ்சினை உதைத்துக் கிளப்பிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே அடித்தான். மருந்து அடிக்கிறவன் வாயைத் திறந்து பாடி நான் பார்த்ததில்லை. வாயை இறுக மூடிக்கொண்டுதான் அடிப்பார்கள். இலையிலிருந்து சொட்டிச் சொட்டி அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டீச்சர் அவனைப் பார்த்தபடியே நின்றார். கண் கலங்கியிருந்தது, இந்தத் தடவை “போதும்” சொல்லவில்லை.

நடுவில் ஒருதடவை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீடி கேட்டான் வீரணன். “காலையிலேயே வீட்ல ஒரே சண்டண்ணே. நான் சாப்புடாமயே கெளம்பி வந்துட்டேன். ‘எங்கயாச்சும் போய்த் தொலை’ங்கிறா எம் பொண்டாட்டி. வெரசாப் போகணும். வழியில காராச்சேவு வாங்கிட்டுப் போனா அடங்கிருவா.”

மருந்து அடித்து முடித்தவர்கள் மோட்டார் தொட்டியில் இறங்கிக் குளித்துவிட்டு, மாற்றுத் துணி உடுத்திக்கொண்டுதான் தோட்டத்தை விட்டுக் கிளம்புவார்கள். எங்கள் பக்கம் எழுதாத சட்டம் அது. அன்றைக்குக் கரண்டு இல்லை, தொட்டியில் தண்ணீரும் இல்லை. வீரணன் தொட்டியை எட்டிப் பார்த்தான். பந்தலுக்குள் நின்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சரை நோக்கிக் குரல் கொடுத்தான்.

“தாயி, தண்ணி இல்ல. குளிக்காமப் போகவா? பச்சத்தண்ணிதான?”

“ஆமாண்ணே” என்றார் டீச்சர். இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவன் ஈரச்சட்டையோடு சைக்கிளில் ஏறி மத்தியான வெயிலுக்குள் போனான்.

டீச்சர் இலையை நினைத்தார். நிழலை நினைத்தார். அந்த ஆள் வேலை முடிந்து வீட்டுக்குப் போவான் என்பதை நினைக்கவில்லை. அவ்வளவு படித்த மனுஷி, அந்த நிழலுக்கு ஒரு ஓரம் உண்டு என்பதை எப்படி மறந்தார்? எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்றுவரை முழுசாகப் போகவில்லை. பாவம் என்று நினைத்துக்கொண்டே கோபப்படுகிறேன்.

காமயகவுண்டன்பட்டி ரோட்டில் ஒருத்தர் சைக்கிளோடு விழுந்து கிடக்கிறார் என்று எஸ்டேட் ஆட்களை இறக்கிவிட்டு வந்த ஜீப்காரர்தான் தோட்டத்துக்கு வந்து சொன்னார். அந்த ஜீப்பிலேயே ஓடினோம். வேர்வையில் குளித்துக் கிடந்தான். வாயோரம் நுரை, கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கியிருந்தது. கெண்டைக்கால் தசை தானாகத் துள்ளியது. சைக்கிள் ஹேண்டிலில் காராச்சேவுப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது.

“தூக்குங்க, ஆசுபத்திரிக்குப் போவோம்” என்றேன்.

“இல்ல! மொதல்ல வெயில விட்டு எடுங்க! இருட்டுக்குக் கொண்டுபோங்க, இருட்டுல மூடிரும்!” என்று டீச்சர் கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். ரோட்டோரம் பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்று இருந்தது. அதற்குள் இழுத்துப் போனோம். ஷட்டரை இறக்கச் சொன்னார். இடுக்கில் வந்த வெளிச்சத்தைச் சாக்கு வைத்து அடைத்தார். அவன் மேலே இரண்டு சாக்கைப் போர்த்தினார். அந்த இருட்டில் வீரணனின் மூச்சு மட்டும் கொரகொரவென்று கேட்டது.

“மூடிரும்ணே. இப்ப மூடிரும். கொஞ்சம் பொறுங்க” என்றார்.

நான் பொறுத்தேன். ஜீப்காரரும் பொறுத்தார். படித்தவர் சொல்கிறார் அல்லவா. ஆனால் மூச்சு அடங்கவில்லை, மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் ஜீப்காரர்தான், “எம்மா, ஆளு போயிட்டிருக்கான்!” என்று ஷட்டரை எட்டி உதைத்துத் தூக்கினார். ஆஸ்பத்திரியில் சட்டையை வெட்டி எடுத்து, உடம்பைக் கழுவி, ஊசி போட்டார்கள். அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் வீரணன் போய்விட்டான்.

வராந்தாவில் டீச்சர் என் பக்கத்தில் நின்றார். “மூடிருச்சுண்ணே. இருட்டுக்குள்ள வச்சதும் கூடு மூடியிருக்கும். ஆனா வெளிய வந்தது வந்ததுதானே? அது உள்ள போயிருச்சே” என்றார். பாடம் நடத்துகிற அதே குரல்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. ரத்தத்தில் பூச்சிமருந்து என்று வந்தது. பூச்சிமருந்து ரத்தத்துக்கு எப்படிப் போகும்? குடித்தால்தானே போகும்? எங்கள் பள்ளத்தாக்கில் அப்படிப் போனவர்கள் கொஞ்சமா? காலையில் வீட்டில் சண்டை என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பொண்டாட்டி “போய்த் தொலை” என்றாள், அவன் குடித்துத் தொலைந்தான். ஒரே நாளில் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. டீச்சரின் மாமனுக்கும் அதுதான் சௌகரியம். “நீ வாயத் தொறக்காத. உன் வேல போயிரும், என் தோட்டமும் போயிரும்” என்று அவரிடம் கைகூப்பிக் கேட்டார்.

டீச்சர் வாயைத் திறந்தார். மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

“அவரு குடிக்கல சார். நான் குடுத்த மருந்து. நிழல்ல ஒண்ணும் செய்யாதுன்னு நான்தான் சொன்னேன். வெயில்ல போனதும் அவரு உடம்புலயே தொறந்துக்கிச்சு” என்றார்.

எஸ்.ஐ. நல்ல மனிதர்தான். டீச்சரை உட்காரச் சொன்னார். “வெயில் பட்டா விசமாகுமா? நிழல்ல தண்ணியா இருக்குமா?” என்று இரண்டு தடவை கேட்டார். டீச்சர் பையிலிருந்து பாட்டிலையும் என்னிடம் வாங்கி வந்த நீல லைட்டையும் எடுத்து, பிளக்கைச் சொருகினார். கரண்டு இல்லை. உடனே பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு ஓடி, வெயிலில் தூக்கிப் பிடித்தார். பால் ரோஸாக ஏறியது. கை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பாருங்க சார்! பாருங்க!”

வாசலில் நின்ற போலீஸ்காரர், “ரோஸ்மில்க் மாதிரி இருக்கு மேடம்” என்றார். யாரோ சிரித்தார்கள். எஸ்.ஐ. போலீஸ்காரரை அதட்டிவிட்டு டீச்சரிடம் தணிவாகச் சொன்னார்: “நீங்க படிச்சவுக. அதிர்ச்சியில இருக்கீக. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க.”

செய்த தப்பை ஒத்துக்கொண்டவரைப் பார்த்திருக்கிறேன். மறைத்தவரையும் பார்த்திருக்கிறேன். ஒத்துக்கொண்டும் வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் திரும்பி வந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரமே வேலையை விட்டார். மீதிப் பாட்டில்களைக் கருப்புத்தாளோடு என் கடையில் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார்.

“எல்லாச் சுவிட்சையும் கழட்டிருங்கண்ணே. லைட்டுக்கெல்லாம் நேரா கனெக்சன் குடுத்துருங்க.”

“அப்பிடிக் குடுத்தா எப்பிடி அணைப்பீக?”

“அணைக்கக் கூடாது.”

“கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு? பெரியவரு எப்பிடித் தூங்குவாரு?” என்று சத்தம் போட்டேன். அவர் ஸ்டூலைக் கொண்டுவந்து சுவருக்குக் கீழே போட்டார். மெயின் சுவிட்சைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மற்றதை எல்லாம் கழற்றினேன். என்னத்தைச் செய்ய? நான் மாட்டேன் என்றால் அவரே கழற்றிக் கரண்டில் கைவைப்பார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பகலிலும் பல்பு எரிந்தது. கரண்டு போனால் மட்டும் அணையும், வந்தால் தானே எரியும். சந்தில் போகிறவர்கள், டீச்சருக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

வீரணன் பொண்டாட்டி ஈஸ்வரி என் கடைக்கு வந்தது காரியமெல்லாம் முடிந்த பிறகு. நெற்றி வெறுமையாக இருந்தது. கடையில் ஆள் போகட்டும் என்று ஓரமாக நின்றாள். போனதும் கேட்டாள்.

“நீங்க அங்கன இருந்தீகளாமே. அந்தம்மா ஸ்டேசன்ல சொன்னது நெசமாண்ணே? இல்ல, எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாகளா?”

கருப்புத்தாளைப் பிரித்து ஒரு பாட்டிலை எடுத்தேன். கல்லாவிலிருந்து நீல லைட்டை எடுத்துப் பிடித்தேன். ஈஸ்வரி குனிந்து பார்த்தாள். வெள்ளை, ரோஸானது. லைட்டை அணைத்தேன். நின்றது.

“இதுல இருக்கறது மருந்து இல்ல, வெறும் சாயம். அன்னைக்கு டிரம்முல இருந்தது மருந்து. இது மாதிரிதான் அவன் சட்டையில தொறந்துச்சு. அவன் குடிக்கல தாயி. காராச்சேவு வாங்கிட்டு உன்னப் பாக்கத்தான் வந்துகிட்டிருந்தான். எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான்.”

அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “லைட்ட அணைச்சாச்சுல்ல. திரும்ப வெள்ளையாகுமாண்ணே?”

“ஆகாது. நிக்கும். திரும்பாது.”

“அப்ப அதுக்கு எதுக்குச் சுவிட்சு?” என்றாள்.

அவள் கடைத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். செத்த வீட்டில்கூட அவள் அழவில்லை என்று ஊர் பேசியது. கொன்றவளுக்கு அழ என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டிருந்தாளாம். முழுக்க அழட்டும் என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்றேன்.

அழுது முடித்துவிட்டு, “அந்தம்மா வீடு எங்கன?” என்று கேட்டாள். கூட்டிப் போனேன்.

டீச்சர் கதவைத் திறந்து, யார் என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே மத்தியானத்தில் எல்லா பல்பும் எரிந்துகொண்டிருந்தன. பெரியவர் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஈஸ்வரி அதையெல்லாம் பார்த்தாள். டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து, “வாங்க” என்றாள்.

பிடித்த பிடியை விடாமல் தெருத்தெருவாக அவள் தெரு வரைக்கும் நடந்தாள். நான் பின்னால் போனேன். தண்ணீர் விடுகிற நேரம், குழாயடியில் பொம்பளைகள் குடத்தோடு நின்றார்கள். ஈஸ்வரி டீச்சரை அவர்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“போலீஸ்ல சொன்னத இங்கன சொல்லுங்க.”

டீச்சர் சொன்னார். கூடு என்றோ தொலி என்றோ சொல்லவில்லை. “வீரண்ணன் குடிக்கல. ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லி நான் அடிக்கவச்ச மருந்துல செத்தாரு. குளிக்காமப் போகவான்னு கேட்டாரு, நான் ஆமான்னேன். ஈஸ்வரி மேல ஒரு குத்தமும் இல்ல” என்றார். குழாயில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் குடத்தை மாற்றவில்லை. வயதான ஒருத்தி, “அடிப் பாதகத்தி” என்றாள். டீச்சர் தலையை ஆட்டினார்.

ஈஸ்வரி அப்போதுதான் மணிக்கட்டை விட்டாள். விரல் பதிந்த தடம் சிவந்திருந்தது.

“இது போதும். போங்க. இனிமே இங்கன வராதீக.”

திரும்பி வரும்போது நான் வேப்பமர நிழல் ஓரமாக நடந்தேன். டீச்சர் நட்டநடு ரோட்டில் வெயிலிலேயே நடந்து வந்தார். “இங்கிட்டு வாங்க டீச்சர்” என்றேன், வரவில்லை. வீட்டு வாசலில் கேட்டேன், சுவிட்சை மறுபடி மாட்டித் தரட்டுமா என்று. “வேணாம்ணே” என்றார்.

பெரியவர் இறந்து, சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் டீச்சர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். குமுளிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்த குடித்தனம் வருவதற்குள் சுவிட்சை எல்லாம் மாட்டிவிடச் சொல்லி வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். பின்கட்டு அறை ஜன்னலில் அந்த அட்டை அப்படியே இருந்தது. பிய்த்துப் போட்டேன். முன் அறையில் சுவிட்சை மாட்டி, ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, போட்டேன். எரிந்தது. “சரி, எரியுதுல்ல, அடுத்த ரூமுக்குப் போங்க” என்றார் வீட்டுக்காரர்.

நான் போகவில்லை. அணைத்துப் பார்த்தேன்.